பத்துக்கு இரண்டு

நோவுக்கு இலக்கம் கேட்பது என் தொழில். "பூச்சியம் எண்டால் நோவே இல்லை, பத்து எண்டால் தாங்கேலாத நோ, உங்களுக்கு எத்தினை?" என்று இருபது வருஷமாக யாழ்ப்பாணத்தில், வலிகாமத்து முழங்கால்களைப் பார்த்துக் கேட்டு வருகிறேன். பிசியோதெரபி படித்தபோது இது சின்ன வேலை என்று நினைத்தேன். எங்கள் சனத்திடம் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். "அதை நீங்கள்தானே படிச்சனீங்கள், பாத்துப் போடுங்கோ" என்பார்கள். "உளைவுக்கோ குத்துக்கோ கேக்கிறியள்?" என்று திருப்பிக் கேட்பார்கள். அளவெட்டியிலிருந்து வருகிற ஒரு ஐயா, "என்ரை நோவுக்கு நீ மார்க்ஸ் போடப்போறியோ?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

படிவமும் லேசுப்பட்டதல்ல. எங்கேயோ ஒரு ஊரில், மாடி வீட்டில் இருந்துகொண்டு ஆரோ எழுதியது. "மாடிப்படி ஏறுவதில் சிரமம் உண்டா?" என்று ஒரு கேள்வி. தொடக்கத்தில் நானும் அதை அப்படியே வாசித்துக்கொண்டிருந்தேன். "ஒரு சிரமமும் இல்லைப் பிள்ளை" என்று நடக்கவே முடியாத அம்மாமார் சொல்வார்கள். நானும் "சிரமம் இல்லை" என்று கோடு போட்டுவிடுவேன். வீட்டில் மாடி இருந்தால்தானே சிரமம்? இது விளங்க எனக்கு ஒரு வருஷம் எடுத்தது. பிறகு மாடிப்படியை விட்டுவிட்டுக் கிணற்றுக்கட்டில் ஏறுவதைக் கேட்டேன். கோயிலில் நிலத்தில் இருந்து எழும்புவதைக் கேட்டேன். திருவலகையில் இருந்து தேங்காய் திருவுவதைக் கேட்டேன். எங்கடை சனத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும் என்ற தடிப்பு மெல்ல மெல்ல வந்து குடியேறிவிட்டது.

இதில் விளையாட்டு இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் முழங்கால் மூட்டு மாற்றும் ஒப்பரேசனுக்கு ஒரு சுற்றில் கொஞ்சப் பேரைத்தான் எடுக்க முடியும். காத்திருப்பவர்களோ கனக்க. எக்ஸ்ரே படத்தை மட்டும் வைத்து வரிசை போட முடியாது. படத்தில் சவ்வு முழுக்கத் தேய்ந்த மனிசன் சைக்கிளில் சந்தைக்குப் போய் வருவான். பாதி தேய்ந்த மனிசி கட்டிலால் இறங்க முடியாமல் அழுவாள். அதனால் எவ்வளவு நோ, எது ஏலும், எது ஏலாது என்று கேட்டு எழுதுகிற என் படிவத்துக்குத் தனி மரியாதை. அதில் நான் போடுகிற இலக்கம் ஒருவரை வரிசையில் முன்னுக்கு இழுக்கும், இல்லாவிட்டால் பின்னுக்குத் தள்ளும். நான் பின்னுக்குத் தள்ளிய ஒரு அம்மாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

புத்தூரில், பெரிய றோட்டிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கையில் அவர்களுடைய வீடு. ஐயாவும் அம்மாவும் மட்டும். ஒரே மகள் கலியாணம் கட்டி வெளிநாட்டில். ஐயா பருத்தித்துறை றோட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்து மூன்று வருஷம். பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் வாய் குறையவில்லை. அவருடைய கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்க நான் மாதம் ஒரு தடவை போவேன். "வந்திட்டா பாருங்கோ, என்ரை கிளச்சைப் பழுது பாக்கிற ஆள்" என்று கட்டிலில் கிடந்தபடி வரவேற்பார். அந்த அம்மா தேத்தண்ணியோடு கதவு நிலையில் சாய்ந்து நின்று சிரிப்பார். மூன்று வருஷமாக ஐயாவின் காலைத் தூக்கி மடக்கி நீட்டினேன். பக்கத்தில் நின்றவரின் காலை ஒரு நாள் குனிந்து பார்க்கவில்லை.

அவரைத் தூக்கி இருத்துவது, கழிவறைக்குக் கதிரையில் தள்ளிக்கொண்டு போவது, குளிப்பாட்டுவது எல்லாம் அந்த அம்மாதான். எழுபது வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணை ஐயாவுக்குக் காவல் வைத்துவிட்டு, வங்கிக்குப் போகிறேன் என்று அவரிடம் பொய் சொல்லி (அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது), எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து படம் எடுத்திருக்கிறார். படத்தைப் பார்த்த டொக்டர் உடனே மதிப்பீட்டுக்கு எழுதி என்னிடம் அனுப்பினார். அன்றைக்கு எனக்கு நேரம் இல்லை. இன்னொரு நாள் வரச் சொன்னேன்.

"அவரை விட்டிட்டு இன்னொருக்கா வரேலாது பிள்ளை" என்றார்.

"நான் ஐயாவுக்கு எண்டு வரத்தானே வேணும். அதோடை உங்களையும் பாத்திடுறன்" என்றேன்.

ஒரே பெற்றோலில் இரண்டு வேலை. பெற்றோலுக்கு வரிசையில் நின்று இடுப்பு நாரி முறிந்த காலத்துக்குப் பிறகு எனக்கு வந்த சிக்கனம் அது. அந்த அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

அந்த நாள் வந்தது. ஐயாவுக்குப் பயிற்சி முடித்துவிட்டு விறாந்தைக்கு வந்தேன். ஐயாவின் அறைக் கதவு விறாந்தைக்குத்தான் திறக்கும். அது எந்த நேரமும் திறந்தபடி இருக்கும். வருத்தக்காரர் கிடக்கிற அறையின் கதவை எங்கள் வீடுகளில் சாத்துவதில்லை. சாத்தினால், தன்னைப்பற்றித்தான் வெளியில் கதைக்கிறார்கள் என்று கிடக்கிறவர் நினைப்பார். வருகிற சனமும் என்னவோ ஏதோ என்று யோசிக்கும். அதனால் நானும் சாத்தவில்லை. சாத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை.

எனக்கு ஒலிபெருக்கி தேவையில்லாத தொண்டை. கதிரையில் இருந்து படிவத்தை எடுத்துக்கொண்டு, "சரி அம்மா, உங்கடை முழங்கால் ஒப்பரேசனுக்கு இனிக் கேள்வியளைத் தொடங்குவம்" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. ஒரு தரம் அறைப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணால் என்னவோ சொன்னார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உள்ளே இருந்து ஐயா கேட்டார். "இஞ்சாரும், என்னவாம் ஒப்பரேசன்?"

"அது ஒண்டுமில்லையப்பா. எல்லாரிட்டையும் கேக்கிற கேள்வியாம். சும்மா" என்று உரத்த குரலில் சொன்னார். அதற்குப் பிறகு என் கேள்விகளுக்கும் அதே குரலில்தான் பதில் வந்தது.

"நடக்கேக்கை நோ கிடக்கோ?"

"பெரிசா ஒண்டும் இல்லைப் பிள்ளை."

"கிணத்துக்கட்டிலை ஏற ஏலுமோ?"

"ஏலும்."

"இரவிலை நோவிலை முழிக்கிறனீங்களோ?"

"சீச்சீ. படுத்தால் விடியத்தான் எழும்புவன்."

"பத்துக்கு எத்தினை சொல்லுவியள்?"

"ஒண்டு, ரண்டு போடுங்கோவன்."

இரண்டு என்று எழுதினேன். அந்த இரண்டு கொஞ்சம் வளைந்து, கழுத்து நீண்டு விழுந்திருந்தது. இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு கதிரைச் சோதனை. கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, ஊன்றாமல், அரை நிமிஷத்துக்குள் எத்தனை தரம் எழும்பி இருக்க முடியும் என்று பார்க்க வேண்டும். முதல் தரம் எழும்பும்போது அவருடைய கை தானாகக் கதிரைப் பிடிக்குப் போனது.

"கையை ஊண்டக் கூடாது அம்மா" என்று அதட்டினேன்.

கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு எழும்பினார். இருந்தார். திரும்ப எழும்பினார். சிரித்துக்கொண்டே செய்தார். மேலுதட்டில் வியர்வை அரும்பியதைப் பார்த்தேன். வெக்கை என்று நினைத்தேன். வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. அந்த வயதுக்கு நல்ல எண்ணிக்கை வந்தது. படத்தில் இவ்வளவு தேய்ந்திருந்தும் மனிசி நல்ல திடமாக இருக்கிறாவே என்று வியந்துகொண்டு கையெழுத்துப் போட்டேன்.

படலை வரைக்கும் என்னோடு வந்தார். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைத் திருப்பும்போது கைப்பிடியில் கையை வைத்தார்.

"பிள்ளை, நான் சொன்னது..."

"என்னம்மா?" என்றேன். ஹெல்மெட்டுக்குள் சரியாகக் கேட்கவில்லை.

உள்ளே இருந்து "இஞ்சாரும்!" என்று ஒரு கூப்பாடு. அந்த அம்மா கையை எடுத்தார். "ஒண்டுமில்லை, கவனமாப் போங்கோ" என்றுவிட்டுத் திரும்பினார். அன்றைக்கு மட்டும் அவர் திரும்பிப் போகிற நடையை ஒரு நிமிஷம் நின்று பார்த்திருந்தால் போதும். எனக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

ஒப்பரேசன் பட்டியல் வந்தபோது அவருடைய பெயர் அதில் இல்லை. பத்துக்கு இரண்டு நோவுக்கு எந்த டொக்டர் முழங்காலை வெட்டுவார்?

அடுத்த மாதம் ஐயாவுக்குப் பயிற்சி கொடுக்கப் போனேன். கையை மடக்கிக்கொண்டிருக்கும்போது அவர் சத்தமாக, "இஞ்சாரும், பிள்ளைக்குத் தேத்தண்ணி போடும், சுடச்சுட" என்றார். அந்த அம்மா போகும்வரை பொறுத்திருந்தார். பிறகு நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கதவைச் சாத்தட்டோ ஐயா?" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தால் ஏதோ ரகசியம் போல இருந்தது.

"வேண்டாம், வேண்டாம். சாத்தினால் என்னெண்டு உடனை வந்திடுவா. மெல்லக் கதைப்பம். அண்டைக்கு உவவுக்கு எத்தினை போட்டனீர்?"

"ரண்டு ஐயா."

வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"நான் பொனெற்றைத் திறக்காமல் எஞ்சினிலை என்ன பழுதெண்டு சொல்லுவன், தெரியுமோ? சத்தம் காணும் எனக்கு. உவ குசினியிலையிருந்து இஞ்சை வாறதுக்கு மூண்டு இடத்திலை நிக்கிறா. அலுமாரியடியிலை ஒருக்கா. மேசையடியிலை ஒருக்கா. நிலையைப் பிடிச்சுக்கொண்டு ஒருக்கா. பிறகுதான் முகத்தைச் சிரிச்ச மாதிரி வைச்சுக்கொண்டு உள்ளை வாறது. என்னைத் தூக்கி இருத்திப்போட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணியைத் திறந்துவிட்டிட்டு அழுவா. தண்ணிச் சத்தத்திலை கேக்காதெண்டு நினைப்பு. எனக்குக் காதிலை வாதமில்லைப் பிள்ளை."

அவருடைய கை என் கையில் அப்படியே இருந்தது.

"நீங்கள் போட்டால் எத்தினை போடுவியள்?" என்று கேட்டேன்.

"நானோ? எட்டு" என்றார் யோசிக்காமல். "விடியப்புறம் ஒன்பது. மழைக்குணம் எண்டால் பத்துத்தான். பத்துக்கு மேலை போட உங்கடை பேப்பரிலை இடமில்லையே."

இருபது வருஷத்தில் என் கேள்விக்கு இவ்வளவு சுத்தமாக ஆரும் பதில் சொன்னதில்லை. அதுவும் தன்னுடைய நோவுக்கு இல்லை.

அவர் சொல்லி முடிக்கவில்லை. கட்டில் தலைமாட்டில் இருந்த செம்பைக் காட்டினார். அதை அந்த அம்மா ஒரு நாளைக்கு நாலைந்து தரம் நிரப்பி வைப்பார். "நான் உதைக் குடிக்கிறேல்லை. நாக்கை நனைக்கிறதுதான். குடிச்சால் போக வேணும். போறதெண்டால் அவ தூக்க வேணும். நான் என்ன பஞ்சு மூட்டையோ?" என்றுவிட்டு யன்னலைப் பார்த்தார். மிச்சத் தண்ணீரை நல்ல கையால் யன்னலுக்கு வெளியே ஊற்றிவிடுவாராம்.

அந்த யன்னலுக்குக் கீழே ஒரு பச்சைமிளகாய்க் கன்று நின்றது. காண்டாவனத்து வெயிலிலும் கொழுகொழுவென்று காய்த்துக் கிடக்கும். "என்ன பசளை அம்மா போடுறியள்?" என்று நானே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "ஒண்டும் போடுறேல்லைப் பிள்ளை, தன்ரை பாட்டிலை நிக்குது" என்று சொல்லி ஒரு கடதாசிச் சரை நிறைய ஆய்ந்து தந்தார். அதை வீட்டில் பொரித்துச் சாப்பிட்டேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு என்ன விசரே ஐயா? தண்ணி குடிக்காட்டிச் சலத்திலை கிருமி வரும், காய்ச்சல் வரும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏசினேன்.

"குடிக்கிறன், குடிக்கிறன். அவவுக்கு மட்டும் சொல்லிப்போடாதையும். சொன்னீரெண்டால் அவ உடைஞ்சு போவா. எனக்குச் சத்தியம் பண்ணும். அதோடை உந்த ரண்டை அழிச்சுப்போட்டு எட்டாக்கிவிடும். ஒப்பரேசன் செய்தால் அவ நிக்காமல் வருவா. நான் தண்ணியும் குடிப்பன்."

குசினிப் பக்கம் நடை கேட்டது. அவர் சொன்னபடி அலுமாரியடியில் நின்றது. மேசையடியில் நின்றது. நிலையடியில் நின்றது. பிறகு அந்த அம்மா சிரித்த முகத்தோடு தேத்தண்ணியுடன் உள்ளே வந்தார். நான் சத்தியம் பண்ணியிருந்தேன். தேத்தண்ணியை வாங்கிக் குடித்தேன்.

அடுத்த நாளே பட்டியல் போடுகிற இடத்துக்குப் போய் நின்றேன். அந்த அலுவலர் என் படிவத்தை எடுத்துப் பார்த்தார்.

"இதிலை ரண்டெண்டு போட்டுக் கையெழுத்து வைச்சது நீங்கள்தானே?"

"நான்தான். பிழையாப் போட்டிட்டன். எட்டெண்டு புருசன் சொல்லுறார்."

"புருசன் சொன்னாரெண்டு நான் வெட்டித் திருத்தேலாது. நீங்கள் திரும்பப் போய் அவவை முறைப்படி பாத்து எழுதுங்கோ. இந்த முறை பேரெல்லாம் போயிட்டுது. அடுத்த முறைக்குப் போடுவம்."

வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பாவம் அவர், சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் ஏச வேண்டிய ஆள் கண்ணாடியில்தான் இருந்தது.

சரி, அடுத்த முறைதானே, அதற்கு நாள் கிடக்கிறது, ஐயாவுக்குப் பயிற்சிக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் வைத்துக் கேட்டுவிடலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். திரும்பவும் ஒரே பெற்றோலில் இரண்டு வேலை. ஒரு தரம் பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

அந்த மாதம் முடிய முதல் ஐயாவைக் காய்ச்சலோடு எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நினைவு வந்து வந்து போனது. நான் வார்ட்டுக்கு ஓடினேன். அந்த அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருந்தார். இரண்டு பேர் ஐயாவைப் பிடித்துத் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்சை தூக்க ஆக்கள் நிக்கினம் பிள்ளை" என்று ஆறுதலாகச் சொன்னார்.

அந்த நேரம் டொக்டர் வந்து பார்த்தார். "ஐயா தண்ணி குறைவாக் குடிக்கிறவரோ?" என்று கேட்டார்.

"இல்லை டொக்டர். தண்ணிக்கு ஒரு குறையும் விடேல்லை. ஒவ்வொருக்காலும் செம்பு முட்ட நான்தான் வைப்பன். ஒரு சொட்டு மிஞ்சாது."

பிறகு டொக்டரை வெளியில் கண்டு உண்மையைச் சொன்னேன். அந்த அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஐயா ஒன்றரைக் கிழமை கிடந்தார். பிறகு போய்விட்டார். அவருக்கு இருதயமும் பழுது, நீரிழிவும் இருந்தது, தண்ணீரால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். அவர் நல்ல மனிசன். எனக்கு அது மருந்தாகவில்லை. செத்தவீட்டில் ஒரு மூலையில் நின்றேன். "மூண்டு வருசமா அந்த மனிசனை என்ன மாதிரிப் பாத்தா" என்று வந்த சனம் அந்த அம்மாவைப் புகழ்ந்தது. அவர் நிலத்தில் குந்த முடியாமல் கதிரையில் இருந்து அழுததை மட்டும் ஒரு கிழவி குறையாகச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அந்த இடத்திலேயே கிழித்திருப்பேன். யோசித்தால் அவளாவது அந்தக் காலைக் கவனித்திருக்கிறாள்.

முப்பத்தோராம் நாள் கழிந்து, அடுத்த பட்டியலுக்கு நாள் நெருங்கியபோது போனேன். இந்த முறை அந்த ஒரு வேலைக்கு மட்டும். யன்னலடி மிளகாய்க் கன்று பட்டுப்போய் நின்றது. அந்தப் பக்கம் பாராமல் விறாந்தையில் ஏறினேன்.

அதே கதிரையில் அந்த அம்மா இருந்தார். நான் எதிரில் இருந்தேன். ஐயாவின் அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே வெறும் கட்டில், சுருட்டி வைத்த மெத்தை, தலைமாட்டில் கவிழ்த்து வைத்த செம்பு. எனக்குச் சொல்ல வேண்டிய ஒன்று தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியம் வாங்கினவர் போய்விட்டார், இனி ஆருக்காகக் காப்பாற்றுகிறேன்? சொன்னால் என் பாரம் குறையும். அந்தப் பாரம் முழுக்க அவருக்குப் போகும். விழுங்கிவிட்டேன். இன்று வரைக்கும் விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். அதைக் கண்டதும் அந்த அம்மா நிமிர்ந்து இருந்தார். கண் அறைப் பக்கம் போனது. முகத்தில் அந்தச் சிரிப்பு வந்து ஒட்டியது.

"பெரிசா ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்றார், உள்ளே கேட்கிற மாதிரி அதே உரத்த குரலில். சொன்ன பிறகுதான் தனக்கே விளங்கியதுபோல நிறுத்தினார். சிரிப்பு மட்டும் போகாமல் நின்றது.

நான் எழும்பிப் போனேன். மூன்று வருஷமாகச் சாத்தாத கதவு. அடிப்பக்கம் நிலத்தில் இறுகி நின்றது. இரண்டு கையாலும் தூக்கி இழுத்துச் சாத்தினேன். கொளுவியையும் போட்டேன்.

திரும்பி வந்து இருந்தபோது அந்த அம்மாவின் இரண்டு கையும் கதிரைப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன.

"ஏலாது பிள்ளை" என்றார். ரகசியம் போல, காற்றுத்தான் வந்தது. "குசினிக்குப் போக ஏலாது. குந்த ஏலாது. படுத்தால் திரும்ப ஏலாது. அவரைத் தூக்கினதெல்லாம் ஏலாமல்தான் தூக்கினனான். அண்டைக்கு அவர் கேட்டுக்கொண்டு கிடந்தவர் பிள்ளை."

நான் இன்னும் முதலாவது கேள்வியைக்கூடக் கேட்டிருக்கவில்லை.